ரிஜெக்ட் அண்ணன் என் மேல் கொடுத்த புகார்

ஓசூரில் நான் வேலை பார்த்த வங்கிக் கிளைக்கு ஐந்து வருடத்தில் நான்கு மேலாளர்கள் வந்தார்கள். நான்கு பேரும் வெவ்வேறு ஊர், வெவ்வேறு குணம், வெவ்வேறு ரத்த அழுத்தம். ஆனால் பிற்பகல் இரண்டரை மணி ஆகிவிட்டால் நான்கு பேருமே பின்பக்கக் கதவு திறந்திருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். கொள்ளைக்காரனுக்குப் பயந்து அல்ல. கொள்ளைக்காரன் வந்தால் அலாரம் அடிக்கலாம், போலீஸ் வரும். ரிஜெக்ட் அண்ணன் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

ஒரு தனி மனிதர் ஒரு வங்கியை இவ்வளவு படுத்திய கதை தமிழ்நாட்டில் வேறெங்கும் நடந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன். அவருக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு, பாஸ்புக்கில் அச்சடித்திருக்கும். அதை யாரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தொழிற்பேட்டையில் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லைனில் வரும் பாகங்களில் கோளாறானதைப் பொறுக்கி, 'ரிஜெக்ட்' என்று அச்சடித்த சிவப்பு அட்டை ஒன்றை நூலில் கட்டி, காரணம் எழுதி, ஓரமாக வைப்பதுதான் வேலை. அந்த அட்டை கட்டிய பொருளை முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. கட்டிய இன்ஸ்பெக்டரே கையெழுத்துப் போட்டு அவிழ்த்தால்தான் உண்டு.

காலை ஆறு மணி ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வெளியே வருவார். மத்திகிரியில் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். மத்திகிரிக்குப் போகும் டவுன் பஸ் எங்கள் கிளை வாசலில் நிற்கும். எங்கள் தலையெழுத்து அப்படி. பஸ் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று உள்ளே வந்துவிடுவார்.

வந்தால் உட்கார மாட்டார். கவுண்டருக்குக் கவுண்டர் நடந்துகொண்டே சுவரில் ஒட்டியிருக்கிற ஒவ்வொரு நோட்டீசையும் படிப்பார். பார்க்கிற நமக்குக் கால் வலிக்கும். "உட்காருங்கண்ணே, டோக்கன் வரட்டும்" என்பேன். "உக்காந்தா கேக்க வந்தது மறந்துபூடும் மேடம்" என்பார். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் கம்பெனி இங்கிலீஷ். நான் கோவில்பட்டிக்காரி. எனக்கும் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். முதல் ஆறு மாதம் எங்கள் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்தான்.

அவர் முதன்முதலில் வந்தது ஒரு சின்ன விஷயத்துக்கு. எங்கள் முதல் மேலாளரின் அறைக்குள் போய் பாஸ்புக்கை மேசையில் வைத்தார்.

"சார், என் கணக்குல பணம் புடிச்சிருக்கீங்க. ஏன்?"

"அது எஸ்.எம்.எஸ். கட்டணம்."

"எஸ்.எம்.எஸ். ஏன் அனுப்பினீங்க?"

"கணக்குல பணம் எடுத்தா உங்களுக்குத் தெரிவிக்கணுமில்ல?"

"நான் எடுக்கலையே. யார் எடுத்தது, ஏன்?"

"நாங்கதான். எஸ்.எம்.எஸ். கட்டணத்துக்கு…" என்று ஆரம்பித்த மேலாளர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்கே புரிந்துவிட்டது.

"இன்னும் ரெண்டு ஏன் பாக்கி கீது சார்" என்றார் அண்ணன் பொறுமையாக. அவர்கள் கம்பெனியில் ஒரு பாகம் பழுதானால் ஐந்து தடவை 'ஏன்' கேட்க வேண்டுமாம். ஐந்தாவது பதிலில்தான் நிஜமான காரணம் அகப்படுமாம். மேலாளருக்கு மூன்றிலேயே வேர்த்துவிட்டது. ஐந்தாவதில், "எனக்குத் தெரியாதுப்பா, ஆளை விடு" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அண்ணன் வெளியே வந்து ஒரு தாளில் அழகாக எழுதினார்: 'மூலகாரணம்: மேலாளருக்குத் தெரியாது.' அதைத் தபால் மேசையில் நீட்டினார். எங்கள் கடைநிலை ஊழியர் எதை நீட்டினாலும் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்துகிறவர். குத்தினார். அந்தத் தாள் கிளையின் முத்திரையோடு தலைமை அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் அந்த மேலாளர் மாற்றலாகிப் போனார். போகும்போது எங்களிடம் சொன்ன ஒரே அறிவுரை, "மூணாவது ஏன்லயே எந்திரிச்சு வெளிய போயிடுங்க" என்பதுதான்.

அதன் பிறகு ராகி வந்தது. கடன் அட்டை விண்ணப்பத்தின் கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்குமே, அதைப் படிக்க முடியவில்லை என்று சண்டை. "கண்ணாடி போட்டுப் படிங்க" என்று நான் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மறுநாள் ஒரு தீப்பெட்டியோடு வந்தார். உள்ளே ராகி. ஒரு மணியை எடுத்து விண்ணப்பத்தின் மேல் வைத்தார். எழுத்து மறைந்துவிட்டது.

"பாத்துக்கோங்க மேடம். ராகி அடியில மறையற எழுத்து ரிஜெக்ட். இந்த ஊர்ல ஒரு கை மண்ணுல ராகி தனியா, கல்லு தனியா பொறுக்கற கண்ணுங்க எல்லாம். அந்தக் கண்ணுக்கே தெரியலைன்னா, தெரியக் கூடாதுன்னே எழுதினதுதான்."

வரிசையில் நின்ற கெலமங்கலம் விவசாயி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்பா, இது மலை ராகி, பொடிசு. இத்த வெச்சி அளந்தா பேங்குக்காரனுக்குத்தான் லாபம். எங்க நெலத்து ராகிய வெச்சிப் பாரு, பாஸ்புக்கே பாஸாவாது" என்றார். வரிசையே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. எந்த ராகி நியாயமான ராகி என்று முக்கால் மணி நேரம் விவாதம். பணம் கட்ட வந்தவர்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாதாடினார்கள். அண்ணன் விவசாயியின் கட்சியைக் குறித்துக்கொண்டு போய், மறுநாள் மூன்று ஊர் ராகியைக் கம்பெனி அளவுகோலில் அளந்து, நடுத்தரமான ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார். இதில் அவருக்கு விளையாட்டே கிடையாது, அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

ஏ.டி.எம். கதையைச் சொல்லாமல் விட்டால் ஓசூர்க்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். எங்கள் இயந்திரம் பணம் கொடுக்காமலே கொடுத்ததாகக் கணக்குக் காட்டும் நோயில் விழுந்திருந்தது. அண்ணன் அதற்கு ஒரு சிவப்பு அட்டை கட்டிவிட்டார். 'கோளாறு: தராததைத் தந்தேன் என்கிறது.' மறுநாளே ஆள் வந்து பழுது பார்த்துவிட்டார்கள். ஆனால் மூன்று நாள் ஒரு ஜீவன்கூட அந்த இயந்திரத்தைத் தொடவில்லை. ஷிப்ட் முடிந்து கும்பல் கும்பலாக வருகிறவர்கள், கதவைத் திறந்து, அட்டையைப் பார்த்து, அப்படியே பின்வாங்கிப் போய்விட்டார்கள். தொழிற்பேட்டையில் சிவப்பு அட்டையைப் பார்த்தால் கையை எடுத்துவிட வேண்டும் என்று ரத்தத்தில் ஊறிப் போயிருக்கிறது.

அப்போதிருந்த இரண்டாவது மேலாளர் ஆத்திரத்தில் அட்டையைப் பிய்த்துப் போட்டார். அங்கே நின்ற ஒரு தொழிலாளி பதறிப் போனார். "சார், இன்ஸ்பெக்டர் கையெழுத்து இல்லாம டேக் எடுத்துட்டீங்களே! ஆடிட்ல மாட்டுவீங்க சார்!" கடைசியில் நான்தான் மத்திகிரிக்கு ஆள் அனுப்பி அண்ணனை வரவழைத்தேன். அவர் நான்கு தடவை பணம் எடுத்துப் பார்த்து, கிழிந்த அட்டையை ஒட்டி, கையெழுத்துப் போட்டு, முறைப்படி அவிழ்த்தார். பிறகுதான் வெளியே நின்ற வரிசை நகர்ந்தது.

இந்தக் கூத்துக்கெல்லாம் அடியில் அவருக்கு ஒரே ஒரு கோரிக்கைதான் இருந்தது. ஒருநாள் ஓசூர் ஓட்டல் ஒன்றில் வாடிக்கையாளர் விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார்கள். வங்கிகளுக்கு விதி போடுகிற மேலிடத்தின் உயர் அதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து வந்து, "வாடிக்கையாளர் எப்போதும் விழிப்புடன் இருக்க வேண்டும்" என்று முக்கால் மணி நேரம் பேசினார். கேள்வி உண்டா என்று கேட்டதுதான் தாமதம், அண்ணன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

"சார், நாங்க பிரேக் செய்யறோம். பிரேக் புடிக்காத வண்டிய வித்துட்டு, வாங்கினவன் விழிப்பா ஓட்டணும்னு எங்க மொதலாளி சொன்னா, அவர உள்ள வெப்பாங்க. உங்க ஊட்டு டப்பாவுல இன்னா கீதுன்னு நான் ஏன் சார் ராத்திரி பகலா முழிச்சிக்கினு இருக்கணும்? விக்கறதுக்கு முன்னாடியே சோதிச்சு அனுப்புற மாதிரி சட்டம் போடுங்க. வித்தவனுக்கு எவ்ளோ கமிஷன்னு வாங்கறவன் காதுல விழற மாதிரி சொல்லச் சொல்லுங்க. டெபாசிட் வாங்கற மேசையில வேற எதையும் விக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. மீறினா தண்டனை போடுங்க. அவ்ளோதான்."

அதிகாரி நல்ல மனிதர், குறித்துக்கொண்டார். அண்ணனோ இதையே கன்னடத்தில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் விட்டார். சாப்பாடு ஆறிப் போயிற்று. வங்கிகளுக்கான புதிய விதிகளின் வரைவை மேலிடம் வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது வழக்கம். யார் கருத்து சொல்வார்கள்? அண்ணன் சொல்வார். எல்லா வரைவுக்கும் சொல்வார். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி வாசலில் நின்று கையெழுத்து வாங்கி அனுப்புவார். ஒரே ஒரு தடவை 'தங்கள் கருத்து பெறப்பட்டது' என்று பதில் வந்தது. அதை லேமினேட் செய்து எங்கள் எல்லோருக்கும் காட்டினார்.

நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். எனக்குச் சிரிக்க அருகதை இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

முனிரத்தினம்மா என்று ஒருவர். அண்ணன் குடியிருந்த அதே வரிசையில் கடைசி வீடு. ஓசூரைச் சுற்றியுள்ள பசுமைக்குடில் பண்ணை ஒன்றில் ரோஜாக்களை நீளவாரியாகப் பிரித்துக் கட்டுகிற வேலை. கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தை ஒரு மார்ச் மாதம் எங்கள் கிளைக்குக் கொண்டுவந்தார். கெலமங்கலம் போகும் வழியில் ஒரு சின்ன மனை பேசி முன்பணம் கொடுத்திருந்தார்கள். அந்த மனைக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினார்கள், வழக்கு முடிய ஒரு வருடம் ஆகும். அதுவரை பணம் பத்திரமாக இருக்க வேண்டும். "டெபாசிட் போட்டுக் குடும்மா. இருவது வருசமா வாடக வூடு. எட்டுக் குடும்பத்துக்கு ஒரே கக்கூசு. இத்த மட்டும் முடிச்சிட்டா போதும்" என்றார்.

மார்ச் மாதத்தில் வங்கி அதிகாரி என்பவள் மனுஷி இல்லை. வட்டார அலுவலகத்திலிருந்து மணிக்கு ஒரு போன் வரும். ஹலோ கூடக் கிடையாது, எடுத்ததும் "எத்தனை?" என்றுதான் கேட்பார்கள். இன்று எத்தனை இன்ஷூரன்ஸ் பாலிசி விற்றாய் என்று அர்த்தம். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் எரியும். டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும். அன்று மூன்று போன் வந்திருந்தது, என் எண்ணிக்கை பூஜ்யம். எதிரே முனிரத்தினம்மா.

"இதுவும் டெபாசிட்தாம்மா, அதவிட நல்லது" என்றேன். கையெழுத்து வாங்கினேன். பங்குச் சந்தையில் போடுகிற பாலிசி அது. வருடா வருடம் அதே தொகையைக் கட்ட வேண்டும், நிறுத்தினால் பிடித்தம் போக மிச்சம் ஐந்து வருடம் கழித்துத்தான் கைக்கு வரும். அதை நான் சொல்லவில்லை. மறுவாரம் முனிரத்தினம்மா எனக்கு ஒரு கட்டு ரோஜா கொண்டுவந்து கொடுத்தார். காம்பு குட்டையாகப் போய் ஏற்றுமதிக்கு ஆகாத பூக்கள். "நல்லது பண்ணிக் குடுத்தியே, அதுக்கோசரம்" என்றார். வாங்கி மேசையில் வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

சரியாக ஒரு வருடம் கழித்து, அடுத்த மார்ச்சில் வந்தார். "வருசம் ஆச்சும்மா. டெபாசிட்ட எடுத்துக் குடு. சித்திரையில மொத முகூர்த்தத்துல பத்திரம். அன்னிக்கி பணம் வெக்கலைன்னா முன்பணமும் போச்சு, மனையும் போச்சு." "மேனேஜர் சாரப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, பழைய ரிக்கார்டுகள் வைக்கிற அறைக்குள் போய் நின்றுகொண்டேன். அப்போது எங்களுக்கு நான்காவது மேலாளர். அவர் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. "இது டெபாசிட் இல்லம்மா. பாலிசி. இந்த வருஷத் தவணை கட்டணும். கையெழுத்து போட்டிருக்கீங்கல்ல?"

முனிரத்தினம்மா சத்தம் போடவில்லை. "அய்யோ தேவுடா" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எனக்கு அது இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் இரண்டரை மணிக்கு ரிஜெக்ட் அண்ணனோடு வந்தார். நான் கம்ப்யூட்டருக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன். மேலாளர் இந்த முறை பின்வாசலுக்கு ஓடவில்லை. அவரிடம் ஆதாரம் இருந்தது.

"பாலிசி கொடுக்கறதுக்கு முன்னாடி கம்பெனிலேருந்து போன் பண்ணி, ஒவ்வொண்ணா கேட்டுச் சரிபார்ப்பாங்க. இந்தம்மா எல்லாத்துக்கும் எஸ் சொல்லியிருக்காங்க. பதிவாயிருக்கு" என்றார்.

"அந்தப் பதிவக் குடுங்க சார், கேப்போம்."

"அது எங்ககிட்ட இல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் போடுங்க. நாற்பத்தஞ்சு நாள் ஆகும்."

"சித்திரைக்கு அவ்ளோ நாள் இல்லையே சார்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

அண்ணன் வெளியே வந்தார். அன்று நடந்ததைப் போல அவர் என்றும் நடந்ததில்லை. பணம் கட்டும் கவுண்டரிலிருந்து லாக்கர் அறை வரை, லாக்கர் அறையிலிருந்து கவுண்டர் வரை. என் மேசை முன்னால் நிற்கவில்லை. அவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்று நினைத்துக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன்.

மேலாளர் சொன்னது அரைகுறை உண்மை. விற்ற கிளை ஒரு மெயில் போட்டால் பதிவு சாயங்காலத்துக்குள் வந்துவிடும். விற்றவள் நான், அந்த மெயிலை நானே போடலாம். மூன்று நாள் போடவில்லை. நடுவில் பதவி உயர்வுப் பட்டியல் வரப்போகிறது, அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள், கோவில்பட்டிப் பக்கம் மாற்றல் கேட்டிருக்கிறேன் என்றெல்லாம் ஆயிரம் கணக்குப் போட்டேன். நான்காவது நாள் காலையில் போட்டேன். மதியமே வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

இந்தியில் ஒரு பெண் கேள்வி கேட்கிறாள். விண்ணப்பத்தில் மொழி என்ற இடத்தில் அவசரத்தில் நான் இந்தி என்று விட்டிருக்கிறேன். முனிரத்தினம்மாவுக்குத் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் தண்ணி பட்ட பாடு. இந்தி மட்டும்தான் தெரியாது. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு பெண் குரல் கிசுகிசுக்கிறது: "எஸ் சொல்லுங்கம்மா, எஸ் சொல்லுங்க." அது என் குரல். போனுக்குப் பக்கத்தில் அப்படி நின்றதை நான் மறந்தே போயிருந்தேன். கேட்கக் கேட்க எனக்குக் காது சுட்டது.

அன்றும் இரண்டரை மணிக்கு அண்ணனும் முனிரத்தினம்மாவும் வந்ததும், நேரே மேலாளர் அறைக்கு அழைத்துப் போனேன். "பதிவு கிடைச்சிருச்சு சார்" என்று சொல்லி, அவர் யோசிக்குமுன் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். யோசித்தால் நானே அழித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அண்ணனுக்கு லைனில் வேலை செய்கிற பீகார் பையன்களோடு பேசிப் பேசி இந்தி பழக்கம். ஒவ்வொரு கேள்வியாக நிறுத்தி மொழிபெயர்த்தார்.

"உங்க மாச வருமானம் ஒரு லட்சத்துக்கு மேலயான்னு கேக்கறாங்கமா."

பதிவில்: "எஸ்."

"அப்போ நான் ஏன் சாமி பூ கட்டறேன்?" என்றார் முனிரத்தினம்மா.

"உங்களுக்குப் பீடி, சிகரெட் பழக்கம் உண்டான்னு கேக்கறாங்க."

"எஸ்."

"அடக் கண்றாவியே!"

"உங்களுக்கு ஏற்கெனவே பெரிய நோய் இருக்கான்னு கேக்கறாங்க."

"எஸ்."

முனிரத்தினம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அடுத்த கேள்வியில் அண்ணன் சட்டென்று நின்றார். திரும்ப ஓடவிடச் சொன்னார். மறுபடி கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பேங்குல இத்த டெபாசிட்னு சொல்லி உங்களுக்கு வித்தாங்களான்னு கேக்கறாங்க."

கிசுகிசுப்பு: "எஸ் சொல்லுங்கம்மா."

"எஸ்."

என் இலக்குக்காக நானே சொல்லிக் கொடுத்த பதில்களில் அந்த ஒன்றுதான் நிஜம். அதைக் கேட்ட பிறகும் கம்பெனி பாலிசி கொடுத்திருக்கிறது. ஒருவர்கூட அந்தப் பதிவைக் கேட்டதில்லை என்று அர்த்தம்.

"இது… உன் கொரலாம்மா?" என்றார் முனிரத்தினம்மா.

"ஆமாம்மா. என் குரல்தான். நான்தான் உங்கள ஏமாத்துனேன்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அது அடித்ததைவிட வலித்தது.

அண்ணன் பையிலிருந்து கம்பெனிப் படிவம் ஒன்றை எடுத்தார். "அப்பிடி ஏன் சொன்னீங்க மேடம்?" குரலில் கோபமே இல்லை. பாகத்தைத் திருப்பிப் பார்க்கிற குரல்.

"டார்கெட் இருந்துச்சுண்ணே."

"டார்கெட் ஏன்?"

"வித்தா வங்கிக்குக் கமிஷன் வரும்."

"டெபாசிட் போட வந்தவங்ககிட்ட விக்க வுடறாங்களே, ஏன்?"

"அவங்கதான் எங்கள நம்பி வர்றாங்க. ஈசியா விக்கலாம்."

"அத யாரும் தடுக்கலையே, ஏன்?"

"விதி இருக்குண்ணே. மீறுனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"ஏன் ஆவாது?"

நான் மேலாளரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்தார். "யாரும் வந்து சோதிக்கிறதில்ல. இந்தம்மா மாதிரி ஆளுங்க திரும்பி வந்து கேக்க மாட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றேன்.

ஐந்து வருடத்தில் அவருடைய ஐந்தாவது ஏனுக்குப் பதில் கிடைத்தது அன்றுதான். எழுதிக்கொண்டார். மேலாளர் அவசரமாக, "அப்போ இந்த அதிகாரிதான் தப்பு பண்ணியிருக்காங்க, பேரையும் எழுதிக்கோங்க" என்றார்.

"எங்க படிவத்துல ஆளு பேர் எழுதற எடமே கெடையாது சார். ஆள மாத்தினா அடுத்த ஷிப்ட்ல வேற ஒருத்தர் அதே தப்பப் பண்ணுவாங்க. மெஷினத்தான் சரி பண்ணணும்" என்றார் அண்ணன். அந்த ஒரு நிமிடம் அவர் காலில் விழலாம் போல இருந்தது.

பதிவின் நகலோடு புகார் குறைதீர்ப்பாளருக்குப் போகப்போகிறது என்று தெரிந்ததும் எங்கள் வங்கிக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எங்கிருந்துதான் அவ்வளவு சுறுசுறுப்பு வந்ததோ. பாலிசி ரத்து. முழுப் பணமும் பங்குனி முடியுமுன் முனிரத்தினம்மா கணக்குக்கு வந்துவிட்டது. அண்ணன் அதோடு விடவில்லை. பணம் வந்த பிறகும் புகாரை அனுப்பினார், அதோடு விதிகளின் வரைவுக்கும் ஒரு கருத்து அனுப்பினார். சித்திரை முதல் முகூர்த்தத்தில் பத்திரம் முடிந்தது. பத்திர அலுவலகத்திலிருந்து முனிரத்தினம்மா நேரே கிளைக்கு வந்து, என் மேசைக்கு முன்னால் நின்றார். "ஆய்தும்மா. முடிஞ்சிபோச்சு" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டும் என்று வந்தாரே, எனக்கு அதுவே பெரிது.

எனக்குப் பதவி உயர்வு போயிற்று. கடற்கரை ஓரத்தில், கோவில்பட்டியிலிருந்து ஒரு நாள் பயணத்தில் ஒரு கிளைக்குத் தூக்கி அடித்தார்கள். ஓசூரை விட்டுக் கிளம்பிய அன்று அண்ணன் முதல் ஷிப்டில் இருந்தார், பார்க்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டோமே என்று எனக்கு ஆற்றாமை.

புது ஊரில் சேர்ந்து மூன்று மாதம் கழித்து, தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கொரு மெமோ வந்தது. பொருள்: தங்கள் மீதான வாடிக்கையாளர் புகார். அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன். பாஸ்புக்கில் இருந்த அந்தப் பெயர். படித்தேன். 'மேற்படி வாடிக்கையாளர் தம் கடிதத்தில், இந்த அதிகாரி தன் குரலைத் தனக்கே எதிராக எடுத்துக் கொடுத்தார் என்றும், கேட்டவுடன் உண்மையைச் சொன்னார் என்றும், இவரைத் தூரத்துக்கு அனுப்பியது தவறு என்றும், இவருடைய அம்மா ஊருக்குப் பக்கத்தில் போட வேண்டும் என்றும் குற்றம்சாட்டியுள்ளார். இது குறித்து ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

நடந்தது இதுதான். அவரிடமிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் தலைமை அலுவலகத்தில் பாராட்டா புகாரா என்றுகூட யோசிக்காமல் புகார்ப் பதிவேட்டில் ஏற்றிவிடுவார்கள். வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு வங்கி ஊழியரைப் பாராட்டி எழுதியிருக்கிறார், அதற்கும் ஒரு புகார் எண் கொடுத்துவிட்டார்கள்.

ஏழாம் நாள் விளக்கம் எழுதி அனுப்பினேன். 'ஐயா, புகாரில் ஒரு சிறு பிழை உள்ளது. நான் கேட்டவுடன் உண்மையைச் சொல்லவில்லை, நான்கு நாள் கழித்துத்தான் சொன்னேன். மற்றபடி, என்னைப் பற்றி எங்கள் வீட்டில்கூட யாரும் இவ்வளவு நல்லதாகப் புகார் சொன்னதில்லை. ஆகவே இந்தப் புகாரை மட்டும் தயவுசெய்து முடித்துவிட வேண்டாம், திறந்தே இருக்கட்டும்.'